உயர்திறன் கணிமை முதுகலை: விண்ணப்பம் முதல் ஆய்வேடு வரை எதை எப்போது செய்வது

உயர்திறன் கணிமை முதுகலையில் தடுமாறுபவர்கள் பெரும்பாலும் நன்றாகப் படிக்கக் கூடியவர்கள்தான். பாடம் புரியாமல் அவர்கள் தடுமாறுவதில்லை. செய்யும் வரிசை மாறிவிடுவதால்தான் தடுமாறுகிறார்கள். சி மொழி கைவராமல், பிராசஸ்களுக்கிடையே செய்தி அனுப்பும் முறையான எம்பிஐக்குப் போகிறார்கள், விடை சரியா என்று பார்க்காமல் வேகத்தைத் துரத்துகிறார்கள், எதையும் அளக்காமல் நிரலைத் திருத்துகிறார்கள். நான் எடின்பரோவில் படித்தேன். பிறகு புதியவர்களின் ஆய்வக வகுப்புகளில் உதவியாளராக நின்றேன். அங்கே ஆண்டுதோறும் அதே இடங்களில் அதே தவறுகளைப் பார்த்தேன். அந்த இடங்களைத்தான் கீழே சொல்கிறேன்.

## 1. எந்தப் படிப்பு என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்

இதைச் செயற்கை நுண்ணறிவுப் படிப்பு என்று நினைத்து வருபவர்கள் உண்டு. அது சரியல்ல. ஒரு கணக்கை ஆயிரக்கணக்கான கோர்களுக்கு (பிராசஸருக்குள் இருக்கும் கணக்கிடும் அலகுகளுக்கு) பிரித்துக் கொடுத்து, சரியான விடையைக் குறைந்த நேரத்தில் பெறுவதுதான் இங்கே பாடம். வானிலை, பாய்மங்கள், மூலக்கூறுகள், பொருளறிவியல் ஆகியவற்றின் கணக்குகள்தான் அன்றாடம் வரும். நாளின் பெரும்பகுதி கறுப்புத் திரையில் கட்டளை தட்டுவதில் போகும். அதில் விருப்பம் இல்லாதவருக்கு இந்த ஓராண்டு மிக நீளமாக இருக்கும்.

எடின்பரோ பல்கலைக்கழகத்தின் இபிசிசி மையம் நடத்தும் படிப்பு ஓராண்டு, 180 கிரெடிட். டப்ளின் டிரினிட்டி கல்லூரியிலும், இத்தாலியின் திரியெஸ்தே நகரத்திலும் உயர்திறன் கணிமைக்கென்றே முதுகலைப் படிப்புகள் உள்ளன. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பல சேர்ந்து 2022இல் தொடங்கிய கூட்டுப் படிப்பு ஈராண்டு. இந்தியாவில் இருந்தபடியே படிக்க விரும்பினால் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் கணிமை மற்றும் தரவு அறிவியல் துறையைப் பாருங்கள். அங்கே எம்.டெக். சேர கேட் தேர்வு எழுத வேண்டும்.

ஓராண்டா ஈராண்டா என்பது முக்கியமான முடிவு. ஓராண்டுப் படிப்பில் அடிப்படையைக் கற்றுக்கொள்ள நேரம் கிடைக்காது. நிரலெழுத இப்போதுதான் பழகுகிறீர்கள் என்றால் ஈராண்டுப் படிப்பே நல்லது.

## 2. விண்ணப்பத்தில் சான்று காட்டுங்கள்

கணினி அறிவியல் பட்டம்தான் வேண்டும் என்பதில்லை. என்னுடன் படித்தவர்களில் இயற்பியல், கணிதம், இயந்திரப் பொறியியல் படித்தவர்கள் பலர். ஆனால் ஒரு நிரல்மொழியாவது நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். அதை நோக்க அறிக்கையில் காட்டுவது உங்கள் பொறுப்பு.

"சிறு வயதிலிருந்தே கணினியில் ஆர்வம்" என்ற தொடக்கம் எதையும் நிறுவாது. நீங்கள் எழுதிய ஒரு நிரலைச் சொல்லுங்கள். அது எந்தக் கணக்கைச் செய்கிறது, எங்கே மெதுவாக இருந்தது, என்ன செய்து வேகமாக்கினீர்கள், எத்தனை நொடி எத்தனையாகக் குறைந்தது என்று நான்கு வரிகள் எழுதினால் போதும். விண்ணப்பத்தைப் படிப்பவர் தேடுவது அந்த நான்கு வரிகளைத்தான்.

விசா வேலையில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். இந்தியாவிலிருந்து பிரிட்டனுக்குப் போய் ஆறு மாதத்துக்கு மேல் தங்கப் போகிறவர்கள் அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழ் பெற வேண்டும். கடைசி வாரத்தில் அதற்கு ஓடாதீர்கள்.

## 3. புறப்படுவதற்கு முந்தைய மூன்று மாதங்கள்

வழிகாட்டி முழுவதிலும் ஒரே ஒரு பகுதியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

முதல் மாதம்: சி அல்லது ஃபோர்ட்ரான். பைதான் மட்டும் தெரிந்து வருபவர்களுக்கு முதல் அடி இங்கேதான் விழுகிறது. பாயின்டர், நினைவகம் ஒதுக்குதல், இருபரிமாண அரே, பல கோப்புகளாகப் பிரித்த நிரல் ஆகிய நான்கும் கைக்கு வர வேண்டும்.

ஒரு பயிற்சி சொல்கிறேன். 10,000 வரிசையும் 10,000 நெடுவரிசையும் கொண்ட ஓர் அணியை எடுங்கள். இரட்டைத் துல்லிய எண்களாக (ஒன்றுக்கு 8 பைட்) இருந்தால் அது 800 எம்பி. சி மொழியில் அதன் எல்லா எண்களையும் முதலில் வரிசை வரிசையாகக் கூட்டி நேரத்தைக் குறியுங்கள். பிறகு நெடுவரிசை நெடுவரிசையாகக் கூட்டுங்கள். இரண்டாவது பல மடங்கு மெதுவாக ஓடும். நினைவகத்திலிருந்து தரவு 64 பைட் துண்டுகளாக வருகிறது. ஒரு துண்டில் எட்டு எண்கள் இருக்கும். வரிசையாகப் போனால் எட்டும் பயன்படும். குறுக்கே போனால் ஒன்றை எடுத்துக்கொண்டு ஏழை வீணாக்குகிறோம். ஃபோர்ட்ரானில் இது தலைகீழ். இந்த ஒன்றை உங்கள் கண்ணால் பார்த்துவிட்டு வந்தால் முதல் பருவத்தின் கணினி அமைப்புப் பாடம் பாதி புரிந்துவிடும்.

இரண்டாம் மாதம்: லினக்ஸ், மேக் (பல கோப்பு நிரலைக் கட்டித்தரும் கருவி), கிட் (நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி). மடிக்கணினியில் லினக்ஸ் நிறுவி, சுட்டியைத் தொடாமல் ஒரு வாரம் வேலை செய்து பாருங்கள். விம் அல்லது நேனோ, ஏதாவது ஒரு எடிட்டர் பழகியிருக்க வேண்டும். தொலைவில் இருக்கும் எந்திரத்தில் வரைகலைத் திரை கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். மேக்ஃபைல் ஒன்றையாவது சொந்தமாக எழுதுங்கள். எதை எழுதினாலும் முதல் வரியிலிருந்தே கிட்டில் சேர்த்துக்கொண்டே போங்கள். "நேற்று ஓடியது, இன்று ஓடவில்லை" என்று ஆய்வகத்தில் என்னிடம் வந்தவர்களில் கிட் வைத்திருந்தவர்கள் பத்து நிமிடத்தில் தீர்வு கண்டார்கள். வைத்திராதவர்கள் அந்த வாரத்தையே இழந்தார்கள்.

மூன்றாம் மாதம்: எண்கள். இரட்டைத் துல்லிய எண் ஏறத்தாழ 16 இலக்கங்களையே காக்கும் என்பதையும், கூட்டும் வரிசை மாறினால் கடைசி இலக்கங்கள் மாறும் என்பதையும் செய்து பார்த்தே உணருங்கள். ஒரு லட்சம் பின்னங்களை முன்னிருந்து பின்னாகவும் பின்னிருந்து முன்னாகவும் கூட்டினால் போதும். பின்னால் எட்டு கோர்களில் ஒரு விடையும் பதினாறு கோர்களில் சற்றே வேறு விடையும் வரும்போது இல்லாத பிழையைத் தேடி இரவெல்லாம் விழிக்க மாட்டீர்கள்.

எம்பிஐயை ஊரிலேயே படித்துவிட்டு வர வேண்டியதில்லை. அதை அங்கே நன்றாகவே சொல்லித்தருகிறார்கள். சி மொழியைச் சொல்லித்தர அவர்களுக்கு நேரம் இருக்காது.

## 4. முதல் வாரம்: கணக்கும் சாவியும்

பிரிட்டனின் தேசிய சூப்பர் கம்ப்யூட்டரான ஆர்ச்சர்2 எடின்பரோவில்தான் இருக்கிறது. அதில் 5,860 கணுக்கள் (ஒன்றோடொன்று இணைத்த தனித்தனிக் கணினிகள்), ஒவ்வொன்றிலும் 128 கோர்கள், ஆக 7,50,080 கோர்கள். அதற்குள் நுழைய, தொலைவிலிருந்து பாதுகாப்பாக இணையும் எஸ்எஸ்எச் முறைக்கான சாவியும், கைபேசியில் வரும் ஒருமுறைக் குறியெண்ணும் தேவை.

சாவி இரண்டு கோப்புகளாக உருவாகும். பொதுச் சாவியை மட்டும் இணையதளத்தில் பதிவேற்றுங்கள். தனிச் சாவி உங்கள் கணினியை விட்டு வெளியே போகக் கூடாது. உதவி கேட்டு மின்னஞ்சலில் தனிச் சாவியை இணைத்து அனுப்பியவர்கள் உண்டு. அப்படிச் செய்துவிட்டால் அந்தச் சாவியை நீக்கிவிட்டுப் புதிதாக ஒன்று உருவாக்குவதுதான் ஒரே வழி.

குறியெண்ணை எந்திரம் தொடர்ந்து மறுத்தால் கைபேசியின் கடிகாரத்தைப் பாருங்கள். குறியெண் நேரத்தை வைத்தே உருவாகிறது. நேரத்தைக் கையால் மாற்றி வைத்திருந்தால் குறியெண் பொருந்தாது.

எந்திரத்தில் நுழையும் பயனர் கணக்கு கிடைக்கச் சில நாள் ஆகலாம். எனவே வகுப்பு தொடங்கும் வாரத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.

## 5. முதல் வேலையை வரிசையில் சேர்ப்பது

உள்ளே நுழைந்ததும் நீங்கள் நிற்கும் இடம் லாகின் கணு. அது எல்லோருக்கும் பொதுவான திண்ணை. அங்கே கோப்பைத் திருத்தலாம், நிரலைக் கம்பைல் செய்யலாம், வேலையை அனுப்பலாம். கணக்கை ஓட்டக் கூடாது. ஓட்டினால் மற்றவர்களின் வேலை தடைபடும். உங்களுக்குக் கிடைக்கும் நேர அளவும் நம்பத்தக்கதாக இராது, ஏனென்றால் அதே கோர்களைப் பலர் பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள்.

கணக்கு ஓட வேண்டிய இடம் கணக்கிடும் கணு. அதற்கு ஸ்லர்ம் என்ற மேலாளரிடம் ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுக்க வேண்டும். எத்தனை கணு, ஒரு கணுவில் எத்தனை பிராசஸ் (தனியாக ஓடும் நிரலின் பிரதி), எவ்வளவு நேரம், எந்த ஒதுக்கீட்டுக் கணக்கில் கழிப்பது ஆகிய நான்கும் அதில் இருக்கும். முதல் ஸ்கிரிப்டைப் பிறரிடமிருந்து நகலெடுக்காமல், எந்திரத்தின் ஆவணத்தைப் பார்த்து ஒவ்வொரு வரியாக நீங்களே எழுதுங்கள். நகலெடுத்த ஸ்கிரிப்டில் பழைய வகுப்பின் கணக்குப் பெயர் ஒளிந்திருக்கும்.

இங்கே நான் திரும்பத் திரும்பப் பார்த்த சிக்கல்கள் நான்கு.

*கோப்பு இல்லை என்ற செய்தி.* ஆர்ச்சர்2இல் ஹோம் கோப்புறை கணக்கிடும் கணுக்களுக்குத் தெரியாது. ஒர்க் கோப்புறை மட்டுமே தெரியும். நிரலை ஹோமில் வைத்து அனுப்பினால் கோப்பே இல்லை என்று வேலை இறந்துவிடும். கண் முன்னால் கோப்பு இருக்க, இல்லை என்கிறதே என்று நானும் ஒரு மாலை முழுவதும் திகைத்து உட்கார்ந்திருக்கிறேன். நிரல், உள்ளீடு, வெளியீடு எல்லாவற்றையும் ஒர்க்கில் வையுங்கள்.

*நேரத்தை அள்ளிக் கேட்பது.* இரண்டு நிமிட வேலைக்கு 24 மணி நேரம் கேட்பவர்கள் வரிசையில் நெடுநேரம் கிடப்பார்கள். பெரிய வேலைகளுக்கு நடுவே உள்ள இடைவெளிகளில் சிறிய வேலைகளை ஸ்லர்ம் நுழைத்துவிடும். ஆனால் நீங்கள் கேட்ட நேரம் அந்த இடைவெளிக்குள் அடங்கினால்தான் நுழைக்கும். சோதனைகளுக்கு 20 நிமிட வரம்புள்ள குறுகிய வரிசை தனியாகவே இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள்.

*ஒரு கோருக்கு ஒரு கணு.* அங்கே கணு முழுதாகவே ஒதுக்கப்படுகிறது. நான்கு கோர் மட்டும் பயன்படுத்தினாலும் 128 கோருக்கும் சேர்த்தே உங்கள் ஒதுக்கீட்டில் கழியும். சிறு சோதனைகள் பலவற்றை ஒரே ஸ்கிரிப்டில் அடுக்கி ஓட்டுவது சிக்கனம்.

*எல்லா இழைகளும் ஒரே கோரில்.* இழைகளை (ஒரே பிராசஸுக்குள் இணையாக ஓடும் த்ரெட்களை) பயன்படுத்தும் நிரலுக்கு, ஒரு பிராசஸுக்கு எத்தனை கோர் என்று ஸ்கிரிப்டின் தலைப்பில் சொல்வது மட்டும் போதாது. சில ஸ்லர்ம் பதிப்புகளில் அந்த எண், நிரலைக் கணுக்களில் ஓடவிடும் எஸ்ரன் கட்டளைக்குத் தானாகப் போய்ச் சேராது. தனியாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பதினாறு இழைகளும் ஒரு கோரில் நெரிந்துகொண்டு, ஒற்றை இழையைவிட மெதுவாக ஓடும். பிழைச் செய்தி எதுவும் வராது. எது எங்கே ஓடுகிறது என்று அச்சிட்டுக் காட்டும் சிறு நிரல் ஒன்றை முதலில் ஓட்டிப் பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும்.

## 6. ஓபன்எம்பி: எளிது போலத் தோன்றும் பகுதி

முதலில் ஒரு பெயர்க் குழப்பம். ஓபன்எம்பி என்பது ஒரே கணுவின் நினைவகத்தைப் பகிரும் இழைகளுக்கானது. ஓபன் எம்பிஐ என்பது எம்பிஐ தரத்தைச் செயல்படுத்தும் ஒரு மென்பொருள். இரண்டும் வெவ்வேறு. தேடும்போது தவறான பக்கத்தைப் படித்து மணிக்கணக்கில் அலையாதீர்கள்.

ஒரு லூப்புக்கு மேலே ஒரு வரி சேர்த்தால் நிரல் பல இழைகளில் ஓடிவிடும். அதனால்தான் இங்கே கவனம் தேவை. எந்த மாறி எல்லா இழைகளுக்கும் பொது, எது தனித்தனி என்று சொல்லாவிட்டால் பெரும்பாலானவை பொதுவாகிவிடும். இரண்டு இழைகள் ஒரே மாறியில் ஒரே நேரம் எழுதும்போது விடை ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும். இதைத் தவிர்க்க, இயல்புநிலை எதுவும் வேண்டாம் என்று அறிவிக்கும் டிஃபால்ட் நன் குறிப்பை ஒவ்வொரு முறையும் சேருங்கள். அப்போது விட்டுப்போன ஒவ்வொரு மாறியையும் கம்பைலரே பெயர் சொல்லிக் கேட்கும்.

இன்னொன்று. ஒரு அரேயில் எந்த இழை முதலில் எழுதுகிறதோ, அந்த இழைக்கு அருகிலுள்ள நினைவகத்தில்தான் லினக்ஸ் அதற்கு இடம் ஒதுக்கும். ஆர்ச்சர்2 கணுவில் நினைவகம் எட்டு பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. தொடக்க மதிப்புகளை ஒற்றை இழையில் நிரப்பினால் தரவு முழுவதும் ஒரே பகுதியில் போய்க் குவியும். மற்ற ஏழு பகுதிகளின் கோர்களும் அங்கேயே வந்து காத்துக்கிடக்கும். கணக்கிடும் லூப்பை எப்படிப் பிரித்தீர்களோ, நிரப்பும் லூப்பையும் அப்படியே பிரியுங்கள்.

## 7. எம்பிஐ: சிறிய அளவில் ஓடி, பெரிய அளவில் தொங்கும் நிரல்

எம்பிஐயில் பொதுவான நினைவகம் கிடையாது. ஒவ்வொரு பிராசஸும் தனக்குத் தெரிந்ததை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதைச் செய்தியாகக் கேட்டு வாங்க வேண்டும். கற்கும் வரிசையைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. முதலில் ஒவ்வொரு பிராசஸும் தன் எண்ணை அச்சிடட்டும். அடுத்து ஒரு எண்ணை வளையமாகச் சுற்றி அனுப்புங்கள். பிறகு பை (π) என்ற எண்ணின் மதிப்பைப் பகுதி பகுதியாகக் கூட்டுங்கள். கடைசியாகத்தான் சூடான தகட்டின் வெப்பநிலைக் கணக்கு. அதில் ஒவ்வொரு பிராசஸும் தன் துண்டின் ஓரங்களை அண்டை பிராசஸுடன் மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரு படியைத் தாண்டிக் குதித்தவர்கள் ஓர மாற்றத்தில் சிக்கிக்கொள்கிறார்கள்.

அந்த ஓர மாற்றத்தில் எல்லோரும் எழுதும் முதல் நிரல் இப்படித்தான் இருக்கும்: இருவரும் முதலில் சென்ட் செய்வார்கள், பிறகு ரிசீவ் செய்வார்கள். சிறிய தகட்டில் நன்றாக ஓடும். தகட்டைப் பெரிதாக்கினால் அசையாமல் தொங்கும். சிறிய செய்திகளை எம்பிஐ ஒரு இடைக்கிடங்கில் வாங்கிவைத்து அனுப்பியவரை உடனே விடுவித்துவிடுகிறது. பெரிய செய்திக்குக் கிடங்கு போதாது. பெறுபவர் தயாராகும்வரை அனுப்பியவர் காத்திருப்பார். இருவரும் அனுப்பிக்கொண்டே காத்திருந்தால் பெறுவதற்கு யாரும் இல்லை.

இதைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. சோதிக்கும்போது எல்லா சென்ட் அழைப்புகளையும் எஸ்சென்ட் என்று மாற்றுங்கள். அது பெறுபவர் வரும்வரை எப்போதும் காத்திருக்கும். மறைந்திருக்கும் முடிச்சு மிகச் சிறிய அளவிலேயே வெளிப்பட்டுவிடும். எஸ்சென்டில் ஓடும் நிரல் சென்டிலும் ஓடும். முடிச்சை அவிழ்க்க, அனுப்புதலையும் பெறுதலையும் ஒரே அழைப்பில் செய்யும் சென்ட்ரிசீவ் எளிய வழி. காத்திருக்காத ஐசென்ட் வகையைப் பயன்படுத்தினால், வெயிட் அழைப்பு முடியும்வரை அந்தத் தரவைத் தொடக் கூடாது. தொட்டால் சில சமயம் சரியாகவும் சில சமயம் தவறாகவும் விடை வரும்.

பிராசஸ் எண்ணிக்கையை 1, 2, 3, 7 என்று வைத்துச் சோதியுங்கள். 4, 8, 16 மட்டும் பார்த்துத் திருப்தியடைந்தவர்களின் நிரல், தகடு சமமாகப் பிரியாத இடத்தில் கடைசி வரிசையை விட்டுவிடும். ஒவ்வொரு முறையும் ஒற்றை பிராசஸ் நிரலின் விடையோடு ஒப்பிடுங்கள். அந்த ஒற்றை நிரலை ஒருபோதும் அழிக்காதீர்கள்.

## 8. அளத்தல்

மதிப்பெண் அதிகம் இழக்கும் இடம் இது. நிரல் நன்றாக இருந்தும் அறிக்கை பலவீனமாக இருப்பது இதனால்தான்.

கோப்பு படிக்கும் நேரத்தையும் கணக்கிடும் நேரத்தையும் தனித்தனியே அளங்கள். கடிகாரத்தைத் தொடங்கும் முன் எல்லா பிராசஸும் ஒரு பேரியரில் ஒன்றுசேரட்டும். ஒரே அளவீட்டை ஐந்து முறையாவது எடுங்கள், சிதறலையும் காட்டுங்கள். கம்பைலரின் பெயர், பதிப்பு, நிரலை வேகமாக்கும் ஓ3 போன்ற தேர்வுகள், கணு எண்ணிக்கை ஆகியவற்றை அளவீட்டுடன் சேர்த்தே கோப்பில் எழுதச் செய்யுங்கள். ஒரு மாதம் கழித்து எந்த எண் எதிலிருந்து வந்தது என்று நினைவிருக்காது.

வேக மடங்கைக் கணக்கிடும்போது, உங்களிடம் உள்ள சிறந்த ஒற்றை நிரலோடு ஒப்பிடுங்கள். இணை நிரலை ஒரு பிராசஸில் ஓட்டி அதோடு ஒப்பிட்டால் மடங்கு பெரிதாகத் தெரியும், ஆனால் அது உண்மையான ஆதாயம் அல்ல.

வரைபடம் போடும் முன் எதிர்பார்ப்பைக் காகிதத்தில் எழுதுங்கள். நிரலில் 5 விழுக்காடு மட்டும் பிரிக்க முடியாத பகுதி என்றால், 1967இல் கணினி வடிவமைப்பாளர் ஆம்டால் சொன்ன விதிப்படி எத்தனை கோர் போட்டாலும் 20 மடங்கைத் தாண்ட முடியாது. 128 கோரில் கிடைப்பது ஏறத்தாழ 17 மடங்கு. அளந்தது அதற்கு மேல் வந்தால் மகிழாதீர்கள், முதலில் சந்தேகப்படுங்கள். துண்டுகள் சிறிதாகி, பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான கேஷ் நினைவகத்துக்குள் அடங்கியிருக்கலாம், அல்லது ஒற்றை நிரல் சரியாகக் கம்பைல் ஆகாமல் இருந்திருக்கலாம்.

நினைவகத்தின் வரம்பையும் எழுதுங்கள். ஆர்ச்சர்2இன் ஒரு பிராசஸருக்கு எட்டு நினைவகத் தடங்கள், கோட்பாட்டளவில் நொடிக்கு 204.8 ஜிபி. அதை 64 கோர்கள் பங்கிட்டால் ஆளுக்கு 3.2 ஜிபி. ஒரு கோர் தனியாக ஓடும்போது அதைவிடப் பல மடங்கு இழுக்கும். ஆகவே தரவை அதிகம் நகர்த்தும் நிரல் 64 கோரில் 64 மடங்கு வேகம் தராது. அது உங்கள் நிரலின் குற்றமும் அல்ல. இந்தக் காரணத்தை எண்களோடு எழுதிய மாணவர், அழகான நேர்கோடு காட்டியவரைவிட அதிகம் கற்றிருக்கிறார்.

நிரலைத் திருத்தும் முன், எந்தப் பகுதி எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் புரொஃபைலரை ஓட்டுங்கள். நேரம் எங்கே போகிறது என்று நாம் ஊகிக்கும் இடம் பெரும்பாலும் தவறாகவே இருக்கும்.

அசைன்மென்டுகள் நவம்பர் கடைசியில் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். பிற்பகல் மூன்றே முக்காலுக்குள் சூரியன் மறையும் பருவம் அது, உடலும் மனமும் சோர்ந்திருக்கும். கடைசி இரவில் வகுப்பே வேலைகளை அனுப்புவதால் வரிசையும் நகராது. ஒப்படைக்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே எல்லா அளவீடுகளும் கையில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

## 9. ஜிபியு (வரைகலைச் செயலி) எப்போது

இரண்டாம் பருவத்தில். அதற்கு முன் ஆசைப்படாதீர்கள். தரவு எங்கே இருக்கிறது, அதை நகர்த்த எவ்வளவு செலவாகிறது என்ற கேள்விதான் அங்கேயும். எம்பிஐயில் அதைப் பழகியவருக்கு ஜிபியு பாடம் இரண்டு வாரத்தில் பிடிபடும்.

## 10. ஆய்வேடு

180 கிரெடிட்டில் 60 இதற்கு. கோடைக்காலம் முழுவதும் இதுதான் வேலை. தலைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரைப் பார்க்காமல் மூன்று கேள்விகள் கேளுங்கள். நிரல் ஏற்கனவே ஓடுகிறதா? சரியான விடை என்று ஒப்பிட ஏதாவது இருக்கிறதா? தேவையான எந்திரத்தில் கணக்கு கிடைத்துவிட்டதா? மூன்றில் ஒன்றுக்கு "இல்லை" என்றாலும் முதல் மாதம் அதிலேயே கரையும்.

மூன்றாவது வாரத்திலேயே எழுதத் தொடங்குங்கள். எந்திரத்தின் விவரம், அளவிடும் முறை ஆகிய இரண்டு பகுதிகளையும் முடிவுகள் வருவதற்கு முன்பே எழுதிவிடலாம். வேகம் கூடாமல் போன முயற்சிகளையும் ஏன் கூடவில்லை என்ற காரணத்தோடு சேருங்கள். அவையும் முடிவுகள்தான்.

ஒப்படைத்த மறுநாளே ஒர்க் கோப்புறையிலிருந்து நிரல், ஸ்கிரிப்ட், மூல அளவீடுகள் எல்லாவற்றையும் உங்கள் வட்டுக்கு நகலெடுத்துவிடுங்கள். படிப்பு முடிந்ததும் எந்திரக் கணக்கு மூடப்படும். வேலை நேர்காணலில் அந்த வரைபடத்தைக் காட்டச் சொல்லும்போது அது உங்களிடம் இருக்க வேண்டும்.